க்ரெனேடா தீவுல இருக்குற செயின்ட் ஜார்ஜஸ் யுனிவர்சிட்டி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

என் அக்கா பொண்ணு க்ரெனேடாவுல மெடிசின் சேர்ந்தா. அன்னிலேர்ந்து சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட பக்கத்து வீட்டுக்காரங்கன்னு யாராவது ஒருத்தர் போன் பண்ணி "அது எந்த ஊரு, நல்ல காலேஜா, புயல் அடிக்குமாமே"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. புது மாணவர்களுக்கு டாக்டர் கோட் போட்டு விடுற வெள்ளை கோட் விழாவுக்கு நானும் ஒரு தடவை போய்ட்டு வந்தேன், போனதுலேர்ந்து அந்த இடத்தோட கதை மேல ஒரு பைத்தியம் பிடிச்சுடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடுறேன். அட்மிஷன் பத்தி கம்மியாதான் இருக்கும், கதையும் கட்டடமும்தான் அதிகம்.

முதல்ல, க்ரெனேடா எங்க இருக்கு?

கரீபியன் கடல்ல, வெனிசுலாவுக்கு மேல, ட்ரினிடாட் பக்கத்துல. மொத்தம் 344 சதுர கிலோமீட்டர், அதாவது நம்ம சென்னை மாநகராட்சியை விட சின்ன நாடு. ஸ்பெயின்ல இருக்குற கிரனாடா வேற, இது வேற, இங்க உச்சரிப்பு "க்ரெனேடா". பிரிட்டன்கிட்டேர்ந்து 1974 பிப்ரவரி 7 சுதந்திரம் வாங்கினாங்க. கொடியில ஒரு ஜாதிக்காய் படம் இருக்கும், ஏன்னா இந்தோனேஷியாவுக்கு அடுத்து உலகத்துல ஜாதிக்காய் அதிகமா விளைஞ்ச இடம் இதுதான். "விளைஞ்ச"ன்னு ஏன் சொல்றேன்னா, காரணம் கீழ புயல் கேள்வியில வரும்.

யார் ஆரம்பிச்சது? அவ்ளோ சின்ன தீவுல ஏன் போய் மெடிக்கல் காலேஜ்?

சார்லஸ் மோடிகான்னு ஒரு அமெரிக்கர், சட்டம் படிச்சவர், அப்போ வயசு முப்பதை ஒட்டி. அவரோட அப்பா லூயிஸ் மோடிகா, எட்வர்ட் மெகவன், பேட்ரிக் ஆடம்ஸ் இவங்களும் கூட. 70கள்ல அமெரிக்காவுல மெடிக்கல் சீட்டுக்கு நம்ம ஊர் மாதிரியே அடிதடி, கிடைக்காத பசங்க மெக்ஸிகோவுல குவாதலஹாரா, இத்தாலியில பொலோன்யான்னு போய் அந்த ஊர் பாஷை கத்துக்கிட்டு படிச்சுட்டு இருந்தாங்க. இங்கிலீஷ் பேசுற ஊர்ல, அமெரிக்க பாடத்திட்டத்துல, பக்கத்துலயே ஒரு காலேஜ் இருந்தா எப்படி இருக்கும்னு மோடிகாவுக்குத் தோணுச்சு.

அந்தப் பக்கம் க்ரெனேடாவுக்கு சுதந்திரம் கிடைச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, கையில காசு இல்ல, எரிக் கெய்ரி பிரதமர். வெளிநாட்டு டாலர் வருதுன்னா யார் வேண்டாம்பா? 1976 ஜூலை 23 அன்னிக்கு க்ரெனேடா பாராளுமன்றம் இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டுச்சு, 1977 ஜனவரி 17 முதல் வகுப்பு. ஆறே மாசம்! நம்ம ஊர்ல ஒரு காம்பவுண்ட் சுவருக்கு அப்ரூவல் வாங்குற நேரம்.

கேம்பஸ் பேர் "ட்ரூ ப்ளூ"வாமே, அது என்ன பேரு?

தீவோட தென்மேற்கு மூலையில கடலுக்குள்ள மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குற ஒரு நிலம், அதுக்குப் பேர் ட்ரூ ப்ளூ. காலனி காலத்துல அங்க அவுரி தோட்டம் இருந்துச்சு, அவுரியிலேர்ந்து எடுக்குற நீலச் சாயத்துல வந்த பேர்னு சொல்றாங்க. சோழமண்டலக் கரையிலயும் ஒரு காலத்துல கப்பல் கப்பலா போனது இதே அவுரி சாயம்தான், அதனால எனக்கு அந்த பேர் கேட்டதும் ஏதோ நம்ம பக்கத்து ஊர் மாதிரி ஆயிடுச்சு. அங்க அதைச் செஞ்சவங்க அடிமைகளா கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அழகான பேருக்குப் பின்னாடி அதுவும் இருக்கு.

ஆரம்பத்துல பில்டிங் எல்லாம் எப்படி இருந்துச்சு?

புதுசா ஒண்ணும் கட்டல. 1969ல கரீபியன் நாடுகள் சேர்ந்து ட்ரூ ப்ளூவுல ஒரு பெரிய பொருட்காட்சி நடத்துனாங்க, எக்ஸ்போ 69னு பேர். பொருட்காட்சி முடிஞ்சா என்ன ஆகும், தீவுத்திடல்ல பாக்குறோமே, ஆளில்லாத கொட்டகையா நிக்கும். அந்த மாதிரி மிஞ்சின இடத்துலதான் காலேஜ் குடியேறுச்சு. நாடுகள் தங்களோட சரக்கைக் காட்டுன இடத்துல அனாடமி வகுப்பு!

வாத்தியார்களையும் நிரந்தரமா வச்சுக்க முடியல, அதனால ஒரு ஐடியா பண்ணாங்க. அமெரிக்கா, பிரிட்டன் காலேஜ்கள்லேர்ந்து பேராசிரியர்களைச் சில வாரத்துக்கு வரவழைச்சு, ஒரு பாடத்தை முடிச்சுட்டு திருப்பி அனுப்புறது. வர்றவங்களுக்கும் கடற்கரை, வெயில், கையில கொஞ்சம் காசு, யார் மாட்டேன்னு சொல்லுவா. ஜெஃப்ரி போர்ன்னு ஒரு பெரிய அனாடமி விஞ்ஞானி, அமெரிக்காவோட யெர்கீஸ் குரங்கு ஆராய்ச்சி மையத்துக்கு டைரக்டரா இருந்தவர், அவர் துணைவேந்தரா வந்ததும் காலேஜுக்கு ஒரு கௌரவம் கூடுச்சு. இன்னிக்கும் அவர் பேர்ல போர்ன் ஹால் இருக்கு.

ரெண்டு கேம்பஸ்னு சொல்றாங்களே, அது நிஜமா?

அப்போ நிஜம். வகுப்பு ஒரு பக்கம் ட்ரூ ப்ளூவுல, இன்னொரு பக்கம் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையை ஒட்டியே ஹாஸ்டலும் வகுப்பும். கிராண்ட் ஆன்ஸ்னா ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வெள்ளை மணல், தீவோட பேர் சொல்ற பீச். இது போக நிறைய பேர் வெளிய வாடகை வீட்டுல. லான்சோபீன்னு ஒரு இடம், மேப்புல பிரெஞ்சு எழுத்துல வேற மாதிரி இருக்கும், ஊர்க்காரங்க வாயில இப்படித்தான். கொஞ்ச காலத்துல பக்கத்து நாடான செயின்ட் வின்சென்ட்லயும் ஒரு கிளை வச்சாங்க. இந்த "ரெண்டு மூணு இடத்துல சிதறி இருக்குறது"ங்கிற விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, ரெண்டு கேள்வி தள்ளி ஒரு பெரிய ராணுவமே இதுல தடுமாறப் போகுது.

இப்போ எல்லாம் மெல்ல மெல்ல ட்ரூ ப்ளூவுக்கே வந்துடுச்சு. சென்னையில ஒரு ஏஜென்ட் எங்களுக்கு கிராண்ட் ஆன்ஸ் பீச் படத்தைக் காட்டி "இதுதான் சார் கேம்பஸ்"னு சொன்னான், படம் நல்ல படம்தான், கேம்பஸ்தான் அது இல்ல.

1979ல புரட்சி வந்துச்சே, அப்போ காலேஜை மூடலையா?

மூடல. 1979 மார்ச் 13 விடிகாலையில நியூ ஜுவல்ங்கிற இடதுசாரி எதிர்க்கட்சிக்காரங்க நாற்பது சொச்சம் பேர் கெய்ரியோட ராணுவ முகாமைத் தாக்குனாங்க, அந்த முகாம் எங்க இருந்துச்சு தெரியுமா, அதே ட்ரூ ப்ளூவுல, காலேஜுக்குப் பக்கத்துல. பசங்க தூங்கி எழுந்தப்போ ஆட்சி மாறிடுச்சு. அந்தக் கட்சித் தலைவர் மாரிஸ் பிஷப் பிரதமர் ஆனார், கியூபாவோட நெருக்கம், அமெரிக்காவோட முறைப்பு. இருந்தும் அமெரிக்கப் பசங்க டாலர் ஃபீஸ் கட்டுற காலேஜ் மேல அவர் கை வைக்கல. மேடையில ஏகாதிபத்தியம் ஒழிகன்னு பேசுவாங்க, மாசக் கடைசியில காலேஜ் காசு கருவூலத்துக்கு வரும், ரெண்டும் சமாதானமா நடந்துச்சு. பிஷப்பைத் திட்டுறதுக்காக சொல்லல, ஏழை நாட்டை நடத்துறவனுக்கு வேற வழி என்ன.

1983ல அமெரிக்கா படையெடுத்தது இந்த காலேஜுக்காகத்தானா?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, ஒரு வரியில பதில் வராது.

நடந்தது இது. 1983 அக்டோபர்ல பிஷப் கட்சிக்குள்ளயே சண்டை, பெர்னார்ட் கோர்ட் கோஷ்டி பிஷப்பை வீட்டுக் காவல்ல வச்சுது, ஜனங்க போய் அவரை மீட்டு கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க ராணுவம் வந்து 19ஆம் தேதி அவரையும் கூட இருந்த சிலரையும் சுவத்துல நிக்க வச்சு சுட்டுடுச்சு. அவங்க உடல் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. அப்புறம் ஜெனரல் ஹட்சன் ஆஸ்டின் தலைமையில ராணுவக் கவுன்சில், 24 மணி நேர ஊரடங்கு, வெளிய வந்தா சுடுவோம்னு உத்தரவு. தீவுல அப்போ அமெரிக்க மெடிக்கல் மாணவர்கள் 600 பேர் கிட்ட.

போன் லைன் ஒழுங்கா இல்ல. காலேஜ்ல ஒரு மாணவர் ஹாம் ரேடியோ (தனியாள் வச்சுப் பேசுற வயர்லெஸ்) வச்சிருந்தார், அவர் அறையிலேர்ந்துதான் வெளி உலகத்துக்கு சேதி போச்சு. அம்மா அப்பா ரேடியோ மூலமா "நல்லா இருக்கான்"னு கேட்டு அழுதிருப்பாங்க, நினைச்சுப் பாருங்க.

அக்டோபர் 25 விடிகாலையில அமெரிக்காவோட ரேஞ்சர் படை பாயின்ட் சலீன்ஸ் விமான ஓடுபாதையில பாராசூட்ல குதிச்சுது. கியூபாக்காரங்க உதவியோட கட்டிட்டு இருந்த 9,000 அடி ரன்வே அது, ராணுவத்துக்குத்தான் கட்டுறாங்கன்னு அமெரிக்க அதிபர் ரீகன் டிவியில படம் போட்டுக் காட்டினார், பிஷப் அரசு இது டூரிஸ்ட்டுக்குன்னு சொல்லுச்சு. அந்த ரன்வே முனையிலேர்ந்து ட்ரூ ப்ளூ கேம்பஸ் ஓடுற தூரம்தான். காலையிலயே கேம்பஸைப் பிடிச்சுட்டாங்க, 138 மாணவர்கள் பத்திரம்.

"மீதி பேர் எங்க?"ன்னு கேட்டதுக்கு அந்த பசங்கதான் சொல்றாங்க, கிராண்ட் ஆன்ஸ்ல இன்னொரு கேம்பஸ் இருக்கே, அங்கதான் அதிகம் பேர்னு. படைக்கு அது தெரியவே தெரியாது! உலகத்தோட பெரிய ராணுவங்கள்ல ஒண்ணு, மாணவர்களை மீட்கத்தான் வந்தோம்னு சொல்லிட்டு வந்திருக்கு, மாணவர்கள் எங்க இருக்காங்கன்னு விசாரிக்கல. கையில சரியான மேப் கூட இல்லாம டூரிஸ்ட் மேப்பை வச்சு சமாளிச்சாங்க. ஒரு டாக்ஸிக்காரரை கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பார்.

மறுநாள் 26ஆம் தேதி சாயங்காலம் ஹெலிகாப்டர்ல ரேஞ்சர்களை கிராண்ட் ஆன்ஸ் பீச்சுலயே இறக்கி, இருநூத்து சொச்சம் மாணவர்களை ஏத்திட்டுப் போனாங்க. ஒரு ஹெலிகாப்டரோட இறக்கை தென்னை மாதிரி நின்ன மரத்துல அடிபட்டு அங்கயே விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. அப்புறம் 28ஆம் தேதிதான் லான்சோபீன்ல வாடகை வீட்டுல இருந்த சுமார் 200 பேர்கிட்ட போய்ச் சேர்ந்தாங்க. படையெடுத்து மூணு நாள் கழிச்சு! பிடிச்சு வைக்கணும்னு யாராவது நினைச்சிருந்தா அந்த மூணு நாள் போதாதா?

அப்போ பசங்களுக்கு உண்மையிலயே ஆபத்து இருந்துச்சா இல்லையா?

ரெண்டு பக்கமும் பேசுறாங்க. படையெடுப்புக்கு முந்தின நாள் நியூயார்க்ல கூடின பெற்றோர்கள் சுமார் 500 பேர், அவசரப்பட்டு எதுவும் பண்ணாதீங்கன்னு ரீகனுக்கு தந்தி அனுப்பினாங்க. ராணுவக் கவுன்சில் மாணவர்கள் மேல கை வைக்க மாட்டோம்னு துணைவேந்தர் போர்ன்கிட்ட வாக்கு கொடுத்துச்சு. சார்லஸ் மோடிகா முதல்ல ஆபத்து இல்லன்னு அமெரிக்க அரசைக் குறை சொல்லிப் பேசினார், அப்புறம் அரசாங்க அதிகாரிகள் விளக்கம் கொடுத்ததும் பேச்சை மாத்திக்கிட்டார். இன்னொரு பக்கம், திரும்பிப் போன மாணவர்கள் சார்ல்ஸ்டன் விமானதளத்துல இறங்கினதும் ஒருத்தர் குனிஞ்சு தரையை முத்தமிட்டார், அந்தப் படம் உலகம் பூரா போச்சு, அதோட வாதம் முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

என்னைக் கேட்டா, பிரதமரையே சுவத்துல நிக்க வச்சு சுட்ட ஊர்ல நம்ம பொண்ணு இருந்தா நான் எந்த வாக்கையும் நம்பியிருக்க மாட்டேன். அதே நேரம் படையெடுப்புக்கு காலேஜ் காரணம்னு நானும் நம்பல, சௌகரியமான சாக்கு அது. ஐநா பொதுச்சபை 108க்கு 9ன்னு கண்டிச்சுது. அமெரிக்க வீரர்கள் 19 பேர், கியூபாக்காரங்க இருபது சொச்சம் பேர், க்ரெனேடாக்காரங்க 45 பேர் செத்தாங்க, அதுல மனநல ஆஸ்பத்திரி மேல தவறுதலா குண்டு போட்டு செத்தவங்க 18 பேர். மாணவர் ஒருத்தரும் சாகல.

பாதியில விட்ட படிப்பு என்ன ஆச்சு?

நிக்கல. அமெரிக்காவுல நியூயார்க், நியூஜெர்சி பக்கம், பார்படோஸ்னு கிடைச்ச இடத்துல வகுப்பு நடத்தினாங்க. 1984ல தீவுக்குத் திரும்பிட்டாங்க. என் கணக்குல இந்த காலேஜோட உண்மையான தொடக்கம் 1977 இல்ல, இந்தத் திரும்பி வந்த வருஷம்தான். அந்தப் பேரு டிவி மூலமா அமெரிக்காவுல ஒவ்வொரு வீட்டுக்கும் போயிடுச்சு, கோடி கொட்டி விளம்பரம் பண்ணாலும் வராது.

இன்னொரு கூத்து. சண்டைக்குக் காரணம் காட்டின அதே ரன்வேயை அமெரிக்கக் காசு போட்டே முடிச்சு, 1984 அக்டோபர் கடைசியில திறந்தாங்க, டூரிஸ்ட்டுக்கு! அது வரைக்கும் விமானம் இறங்கினது தீவோட அந்தப் பக்கம் பேர்ல்ஸ்ல, மலை தாண்டி வளைஞ்சு வளைஞ்சு வரணும். புது ஏர்போர்ட் கேம்பஸுக்குப் பக்கத்துலயே வந்தது காலேஜுக்கு அடிச்ச லாட்டரி. 2009ல அதுக்கு மாரிஸ் பிஷப் பேரையே வச்சுட்டாங்க.

மெடிக்கல் காலேஜ் எப்போ யுனிவர்சிட்டி ஆச்சு?

90கள்ல. 1994ல விண்ட்ரெஃப்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் கேம்பஸ்ல வந்துச்சு, அந்த சமயத்துலதான் கலை அறிவியல் பிரிவு, மேற்படிப்பு எல்லாம் சேர்ந்து யுனிவர்சிட்டி ஆச்சு. 1999ல கால்நடை மருத்துவம், பொது சுகாதாரம். கால்நடை படிப்புக்கு 2011ல அமெரிக்க கால்நடை மருத்துவர் சங்கத்தோட முழு அங்கீகாரம் கிடைச்சுது. 2007 ஜனவரியிலேர்ந்து இங்கிலாந்துல நார்தம்ப்ரியா யுனிவர்சிட்டியிலயும் முதல் வருஷம் படிக்கலாம்னு வழி வச்சாங்க, அந்தத் திட்டத்துக்கு கீத் டெய்லர்ங்கிற முன்னாள் துணைவேந்தர் பேரு.

இப்போ கேம்பஸ் பாக்க எப்படி இருக்கு?

சுமார் 42 ஏக்கர், அறுபதுக்கு மேல கட்டடம். பழைய பொருட்காட்சி சாமான் ஒண்ணும் கண்ணுல படாது. எல்லாம் ஒரே மாதிரி, வெளிர் நிறச் சுவர், சிவப்பு ஓடு, வெள்ளைத் தூண், பிரிட்டிஷ் காலத்து ஜார்ஜியன் பாணிய கரீபியன் வெயிலுக்கு ஏத்த மாதிரி பண்ணது. 1990க்கு அப்புறம் கட்டினது நிறைய, ஆனா தூரத்துலேர்ந்து பாத்தா இருநூறு வருஷமா நிக்குற மாதிரி ஒரு பாவனை. எனக்கு அதுல கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, எங்க நிலையா இருக்க முடியலையோ அங்கதான் பழசு மாதிரி கட்டத் தோணும் போல. அக்கா பொண்ணு "மாமா, கட்டடத்தைப் பாக்காதீங்க, ஏசியைப் பாருங்க, வெளிய கொளுத்துது உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கணும்"னா. உண்மைதான், முப்பது டிகிரி வெயில்ல லைப்ரரி வாசல்ல பசங்க ஸ்வெட்டரைத் தோள்ல போட்டுட்டு நிக்குறாங்க.

நிலம் சமதளம் கிடையாது, மேடு பள்ளம். எந்த வகுப்புக்குப் போனாலும் ஒரு ஏத்தம் ஏறணும், ஏறி மூச்சு வாங்கி நின்னா எதிர்ல கடல். மூணு பக்கமும் தண்ணி. அனாடமி புக்கைத் திறந்து வச்சுட்டு கடலைப் பாக்குற பசங்களைப் பாத்தேன், பாவம், பீச்சுக்குப் போக நேரம் இருக்காது, தெரிஞ்சுக்கிட்டே இருக்கும் அவ்ளோதான்.

வெளிய போக காலேஜ் பஸ் உண்டு. நான் ஊர் பஸ்ல போய்ப் பாத்தேன், பஸ்னா பஸ் இல்ல, நம்ம ஷேர் ஆட்டோ குணம் உள்ள வேன். கண்ணாடியில பெருசா நம்பர் ஒட்டியிருக்கும், 1ஆம் நம்பர் டவுன்லேர்ந்து கிராண்ட் ஆன்ஸ் வழியா வரும். இறங்கணும்னா பெல் கிடையாது, பக்கத்துத் தகரத்துல ரெண்டு தட்டு தட்டணும். பாட்டு அலறுற அலறல்ல நான் தட்டினது டிரைவருக்குக் கேக்கல, எனக்கு முன்னாடி இருந்த ஒரு பாட்டி கைய நீட்டி டம்முனு ஒரு தட்டு தட்டினாங்க பாருங்க, வண்டி நின்னுடுச்சு.

புயல் அடிக்குமா?

க்ரெனேடா புயல் பாதைக்குத் தெற்குல இருக்கு, அடிக்காதுன்னுதான் ஊர்ல பாதிப் பேர் நம்பிட்டு இருந்தாங்க. 1955ல ஜேனட் அடிச்சதுக்கு அப்புறம் பெருசா ஒண்ணும் வரல. அப்புறம் 2004 செப்டம்பர் 7 ஐவன் வந்துச்சு. நாட்டுல பத்து வீட்டுல ஒம்பது வீடு சேதம், 39 பேர் பலி. ஜாதிக்காய் மரம் பெரும்பாலும் சாஞ்சு போச்சு. ஜாதி மரம் வச்சா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், நல்லா காய்க்க இன்னும் கூட. தாத்தா வச்ச மரத்துல பேரன் சாப்பிடுற விவசாயம், ஒரே சாயங்காலத்துல போயிடுச்சு. இரண்டாவது இடம் போய் இன்னி வரைக்கும் பழைய அளவுக்கு வரல.

கேம்பஸ்ல சேதம் குறைவு. காசு போட்டு காங்க்ரீட்ல கட்டினது, ஊர் வீடுகள் மாதிரி தகரக் கூரை இல்ல. மாணவர்களை விமானத்துல அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போய் வேற காலேஜ்கள்ல இடம் வாங்கி வகுப்பை நடத்தினாங்க, 2005 ஜனவரியில தீவுக்கே திரும்பிட்டாங்க. ஊர்க்காரங்க தார்ப்பாயைக் கூரையா போட்டுட்டு இருந்த சமயம் அது, காலேஜ் திரும்பி வந்ததுல வீட்டு வாடகையும் கடை வியாபாரமும் திரும்ப வந்துச்சு.

2024 ஜூலை 1 பெரில் அடிச்சது க்ரெனேடாவைச் சேர்ந்த கரியாகு தீவை. அங்க ஏறக்குறைய எல்லாம் போச்சு. காலேஜ் இருக்குற பெரிய தீவுல தெக்கு மூலை தப்பிச்சுது.

மத்த தீவுகள்ல இருக்குற இந்த மாதிரி காலேஜ்கள் என்ன பண்ணுச்சு?

இதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் இங்க திரும்பி வந்ததோட அருமை புரியும். 1978ல மான்ட்செராட் தீவுல ஆரம்பிச்ச அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆஃப் தி கரீபியனை முதல்ல 1989ல ஹியூகோ புயல் அடிச்சுது, 1995ல எரிமலை வெடிச்சதும் கிளம்பி சின்ட் மார்ட்டனுக்குப் போயிடுச்சு. அங்க 2017ல இர்மா புயல், கொஞ்ச நாள் இங்கிலாந்துல போய் வகுப்பு.

ராஸ் யுனிவர்சிட்டின்னு இன்னொரு மெடிக்கல் காலேஜ், அதோட கதை இன்னும் சோகம். 1978ல டொமினிகாங்கிற கரீபியன் தீவுல ஆரம்பிச்சது, அங்க போர்ட்ஸ்மவுத்ங்கிற சின்ன ஊர்ல இருந்துச்சு, ஊரே அதை நம்பித்தான், சாப்பாட்டுக் கடை, வாடகை அறை எல்லாம். 2017 செப்டம்பர்ல மரியா புயல். பசங்களை முதல்ல ஒரு கப்பல்ல வச்சு வகுப்பு நடத்தினாங்க, நிஜக் கப்பல்தான், அப்புறம் அமெரிக்காவுல டென்னஸி. 2018ல பார்படோஸுக்குப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க, நாற்பது வருஷம் இருந்த தீவுக்கு டாட்டா. தனியார் காலேஜுக்கு மண்ணோட ஒட்டு எவ்ளோன்னு போர்ட்ஸ்மவுத்ல வாடகைக்கு வீடு கட்டினவங்ககிட்டதான் கேக்கணும்.

செயின்ட் ஜார்ஜஸ் யாரோட சொத்து? லாபத்துக்கு நடத்துறதா?

ஆமா, லாபத்துக்குத்தான், அதுல ஒளிவு மறைவு இல்ல. 2014ல ஆல்டாஸ் பார்ட்னர்ஸ், பேரிங் பிரைவேட் ஈக்விட்டி ஏஷியான்னு ரெண்டு முதலீட்டு நிறுவனங்கள் பெரிய பங்கு போட்டாங்க. ஃபீஸ் நம்ம ரூபாயில கணக்குப் போட்டா கோடிக்கணக்குல வரும், மயக்கம் போட்டுடாதீங்க.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையா இருக்கும். முதல் ரெண்டு வருஷம்தான் தீவுல, கடைசி ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி எல்லாம் அமெரிக்கா, பிரிட்டன்ல. அதுக்கு இடம் பிடிக்க 2007 வாக்குல நியூயார்க் நகர அரசு ஆஸ்பத்திரிகளோட பத்து வருஷத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாங்க, நியூயார்க் உள்ளூர் மெடிக்கல் காலேஜ்கள் எங்க பசங்க இடத்தைக் காசு கொடுத்து வாங்குறாங்கன்னு சண்டைக்கு வந்தாங்க. நிர்வாக வேலை பார்க்குற ஆபீஸும் நியூயார்க்லதான், அதுவும் லாங் ஐலண்ட்ல, அதாவது இன்னொரு தீவுல! டாக்டர் பட்டமளிப்பு விழா கூட பல வருஷமா நியூயார்க்லதான் நடந்துச்சு. அதனாலதான் நாங்க வெள்ளை கோட் விழாவுக்கே தீவுக்குப் போயிட்டோம், அப்புறம் போக வாய்ப்பு வராதுன்னு.

தீவுக்காரங்களுக்கு இதுல என்ன லாபம்?

வேலை, வாடகை, கடை. ட்ரூ ப்ளூ, லான்சோபீன், கிராண்ட் ஆன்ஸ் பக்கம் மாடி மேல மாடி கட்டினவங்க எல்லாம் மாணவர்களை நம்பிக் கட்டினவங்க. 2020 மார்ச்ல கொரோனாவுக்கு பசங்களை ஊருக்கு அனுப்பிட்டு ஆன்லைன் ஆக்கினப்போ கடனை வாங்கி வீடு கட்டினவங்க பாடு திண்டாட்டம். உள்ளூர் பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு, கலை அறிவியல் பிரிவுல அவங்கதான் நிறைய. ஆனா ட்ரூ ப்ளூ கேட்டுக்கு உள்ள ஒரு நாடு வெளிய ஒரு நாடுங்கிற மாதிரி எனக்குப் பட்டது. உள்ள விலை அமெரிக்க டாலர்ல மனசுல ஓடும், வெளிய கிழக்கு கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70.

அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?

1857 மே 1 மெய்ட்ஸ்டோன்னு ஒரு கப்பல்ல கல்கத்தாவிலேர்ந்து ஒப்பந்தக் கூலிகளா இந்தியர்கள் வந்து இறங்கினாங்க, அடிமை முறை ஒழிஞ்சதும் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு. 1890 வரைக்கும் மூவாயிரத்துக்கு மேல. அவங்க வாரிசுகள் இருக்காங்க, பாஷை மறந்து போச்சு, ரொட்டியும் கறியும் மட்டும் மிச்சம். ஆனா அந்த ரொட்டி தீவோட சாப்பாடாவே ஆயிடுச்சு, காலேஜ் பசங்களுக்கு மத்தியானம் அதுதான்.

தமிழ்நாட்டுப் பசங்க சேரலாமா?

சேரலாம், ஆனா எங்க போய் டாக்டரா வேலை பார்க்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அமெரிக்கான்னா இந்தக் காலேஜோட வழியே அதுக்குப் போட்ட வழி. இந்தியாவுக்குத் திரும்பணும்னா நீட் வேணும், அதோட தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர்ல போட்ட விதியில, குறைஞ்சது 54 மாசப் படிப்பு, 12 மாச இன்டர்ன்ஷிப், எல்லாம் ஒரே வெளிநாட்டு காலேஜ்ல முடிச்சிருக்கணும்னு இருக்கு. பாதி தீவுல பாதி அமெரிக்காவுலன்னு பிரிஞ்சு நடக்குற படிப்புக்கு இது நேரா உதைக்கும். ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொன்னா எழுத்துல வாங்குங்க. எங்ககிட்ட சொன்னவன் எழுத்துல கேட்டதும் போன் எடுக்கறதை விட்டுட்டான்.

1983 ஞாபகமா கேம்பஸ்ல ஏதாவது இருக்கா?

இருக்கு. செத்த 19 அமெரிக்க வீரர்களுக்கு ட்ரூ ப்ளூவுல ஒரு நினைவிடம். அக்டோபர் 25 அந்த நாட்டுல நன்றி நாள்னு விடுமுறை. இப்போ 2023லேர்ந்து அக்டோபர் 19, பிஷப் சுடப்பட்ட நாளையும் தேசிய வீரர்கள் நாள்னு விடுமுறை ஆக்கிட்டாங்க. அதனால ஆறு நாள் இடைவெளியில ரெண்டு லீவு, ஒண்ணு அவரைச் சுட்ட நாளுக்கு, ஒண்ணு அதைச் சாக்கா வச்சு வந்தவங்களுக்கு. அக்கா பொண்ணுகிட்ட நினைவிடம் எங்க இருக்குன்னு கேட்டேன். "தெரியும் மாமா, அங்கதான் எங்க பஸ் திரும்பும்"னா.